துறைமுகத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை

வட சென்னையின் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் பிள்ளைகள் பீச்சுக்குக் கூப்பிடுவார்கள். வண்டி கிளம்பினால் மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோதான் போகும். ஆனால் மணலியைத் தாண்டிக் கிழக்கே போனால் பத்து கிலோமீட்டருக்குள் வங்கக் கடல் வந்துவிடுகிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையோரமாக ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம் இங்கே இருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்துக் கற்றளி இருக்கிறது. சென்னைக்கு மீன் தரும் துறைமுகம் இருக்கிறது. இருந்தும் வட சென்னை என்றால் கன்டெய்னர் லாரி, புகை, எண்ணெய்க் குழாய் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வெளியூர் விருந்தாளியை அந்தப் பக்கம் கூட்டிப்போக யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆலைகளும் துறைமுகமும் இருக்கிற ஊருக்குச் சுற்றிப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தைப் பார்க்க வேண்டும். சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊர், உலகிலேயே அதிக நிலக்கரியை ஏற்றுமதி செய்யும் துறைமுகங்களில் முன்னணியில் நிற்பது. 1799-லேயே அங்கிருந்து நிலக்கரி வங்காளத்துக்குக் கப்பலேறியது. 1915-ல் தொடங்கிய இரும்பாலை 1999-ல் மூடப்படும்வரை ஊரின் வானம் புகையால் மூடியிருந்தது. இன்று அங்கே வருபவர்கள் கடலோர நடைபாதையில் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறார்கள். 1922-ல் திறந்த கடல்நீர்க் குளத்தில் நீந்துகிறார்கள். அலைச்சறுக்கு ஆடுகிறார்கள். சற்றுத் தள்ளி நிலக்கரிக் கப்பல்கள் முறைக்காக நங்கூரமிட்டுக் காத்திருக்கின்றன. கப்பல்கள் அங்கே காட்சியின் ஒரு பகுதி. நடக்க வழி, உட்கார இடம், குளிக்கத் தகுந்த தண்ணீர் ஆகியவற்றை நகரம் தன் மக்களுக்கு உறுதிசெய்ததும் விருந்தாளிகள் தாமாகவே வந்தார்கள்.

வட சென்னைக்கு அந்த வசதிகள் இன்னும் வந்து சேரவில்லை. பார்ப்பதற்கோ நியூகாசிலைவிட இங்கே அதிகம் இருக்கிறது. மாத்தூரை இருப்பிடமாக வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒதுக்கினால் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

காசிமேட்டில் விடியல்

முதல் நாளை இருட்டிலேயே தொடங்க வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஏலம் தொடங்கிவிடும். பல நாள் கடலில் தங்கிய விசைப்படகுகள் ஐஸில் புதைத்த மீனை இறக்கும். இரவு போட்ட வலையோடு ஃபைபர் படகுகள் கரை சேரும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை, கானாங்கத்தை, நெத்திலி, கடம்பா, இறால், நண்டு எல்லாம் கூடை கூடையாகத் தரையில் இறங்கும். ஏலம் கூவுகிறவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பெண்கள் நிறைய. ஏலத்தில் எடுத்ததை அங்கேயே கூறு கட்டி விற்பவர்களும், கூடையோடு ஷேர் ஆட்டோ ஏறித் தெருத்தெருவாகப் போய் விற்பவர்களும் அவர்கள்தான்.

பார்க்கப் போகிறவர் பழைய செருப்பு போட்டுக்கொண்டு போவது நல்லது. தரை முழுக்க ஐஸ் தண்ணீர் ஓடும். கூடை தூக்கி வருபவருக்கு வழிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். மீன் வாங்கினால் பக்கத்திலேயே அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் அக்காக்கள் சிறு கூலிக்குச் செதில் நீக்கித் துண்டு போட்டுத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும் என்பதால் பார்க்க மட்டும் வருபவருக்கு வார நாளே வசதி.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் ஏலக் கூட்டம் மெலிந்துவிடும், மீன் விலை ஏறிவிடும். ஆனால் படகுகளைப் பழுதுபார்ப்பது, சாயம் அடிப்பது, குன்றுபோல் குவித்த வலையை நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சரிசெய்வது எல்லாம் அப்போதுதான் நடக்கும். கடல் தொழிலின் இந்தப் பாதியைப் பார்க்க நினைப்பவருக்கு மே மாதம் ஏற்றது.

ராயபுரம்: ரயிலும் படகும்

காசிமேட்டில் டீ குடித்துவிட்டு ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போகலாம். 1856 ஜூன் 28 அன்று மதராஸ் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நிலையம் இது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை ஓடியது. பம்பாயிலும் தானேயிலும் இதற்கு முன்பே ரயில் ஓடியிருந்தாலும், அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் துணைக்கண்டத்தில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்கு வந்தது. பாழடைந்து கிடந்த கட்டடம் 2005-ல் புதுப்பிக்கப்பட்டது. உயர்ந்த தூண் வரிசையைச் சாலையில் நின்றே பார்க்கலாம். புறநகர் ரயில்கள் இன்றும் இங்கே நின்று போகின்றன.

ஊருக்குப் பெயர் தந்த புனித ராயப்பர் ஆலயம் பக்கத்திலேயே இருக்கிறது. 1829-ல் இதைக் கட்டியவர்கள் படகுத் தொழில் செய்த குருகுல வம்சத்தார். துறைமுகம் வராத காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் கொண்டுசேர்த்தவை மசூலா படகுகள். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். 1830-களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து ராணுவத்துக்காகக் கப்பலில் வந்த குதிரைகள் இதே மதராஸ் கரையில், கட்டுமரங்களுக்கும் மசூலா படகுகளுக்கும் நடுவே இறக்கப்பட்டன. அந்தக் காட்சியைத் தீட்டிய அக்கால ஓவியமும் உண்டு. மதராஸின் கடல் வணிகத்தைத் தோளில் சுமந்த படகுக்காரர்கள் தங்கள் காசில் எழுப்பிய ஆலயம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் அங்கே பார்ப்பதெல்லாம் கூடுதலாகப் பேசும்.

சில தெருக்கள் தள்ளி, தமிழ்நாட்டின் ஒரே பார்சி நெருப்புக் கோயில் இருக்கிறது. பதின்மூன்று வயதில் இறந்துபோன மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா 1910-ஐ ஒட்டிக் கட்டியது. பார்சிகள் அல்லாதோருக்கு உள்ளே அனுமதி கிடையாது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம். அரசியல் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர் ராபின்சன் பூங்காவுக்கும் போக வேண்டும். 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த திடல் அது. இன்று அறிஞர் அண்ணா பூங்கா என்ற பெயரில் இருக்கிறது. ரயில், தேவாலயம், நெருப்புக் கோயில், கட்சி பிறந்த திடல் என நான்கும் ஒரு காலை நடையில் அடங்கிவிடும்.

மணல் போன கதை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போகிறவர், மெரினாவைப் போன்ற மணல்பரப்பு இங்கே ஏன் இல்லை என்று கேட்பது இயல்பு. கரை நெடுக மணலுக்குப் பதில் பாறாங்கற்கள்தான் கிடக்கின்றன.

காரணம் துறைமுகம். சோழமண்டலக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டு அந்த மணலை மறித்துவிட்டன. தெற்கே தேங்கிய மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வந்துசேர வேண்டிய மணல் வராமல் போனதால், கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை மீனவக் குப்பங்கள் வீடுகளையும், படகு நிறுத்தும் இடத்தையும், வலை காயப்போடும் இடத்தையும் தலைமுறை தலைமுறையாக இழந்தன. மிஞ்சியதைக் காக்கக் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். மெரினாவில் காலாற நடக்கிற ஒவ்வொருவரும் வடக்கே ஒரு குப்பத்துக்கு வரவேண்டியிருந்த மணலில் நடக்கிறார். சென்னையின் இரண்டு கரைகளுக்கும் உள்ள இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பயணம் நிறைவுபெறாது.

இந்தக் கற்களுக்கு நடுவே கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது. பாறைகள் வழுக்கும், நீரோட்டம் பிடித்திழுக்கும். காற்று வாங்கவும், தூண்டில் போடுகிறவர்களோடு பேச்சுக் கொடுக்கவும், வெளித் துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பல்களை எண்ணவும் மாலை ஐந்து மணிக்கு மேல் நல்ல நேரம்.

ஒற்றியூரில் ஒரு பகல்

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூருக்குப் போவது எளிதாகிவிட்டது. மாத்தூரிலிருந்து மணலி வழியாகச் சாலையிலும் போகலாம். தியாகராஜ சுவாமி கோயிலில் நடை மதியம் சாத்தப்படும் என்பதால் காலையிலோ மாலையிலோ போக வேண்டும்.

ஆதிபுரீசுவரர் சன்னிதியின் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். யானையின் பின்புறம் போல் வளைந்திருக்கும் கஜபிருஷ்ட அமைப்பு. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், இங்கிருந்த மடத்தின் தலைவர் சதுரானன பண்டிதரின் வேண்டுகோளின்படி, வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்ற ரவி என்பவர் இதைக் கருங்கல்லில் எடுத்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. எத்தனையோ சோழர் கோயில்களில் கட்டுவித்த அரசன் பெயர்தான் நிற்கும். இங்கே கட்டிய தச்சரின் பெயர் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. மூலவர் புற்று வடிவம். ஆண்டு முழுதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் தரிசிக்கலாம்.

சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்ததும், அதை மீறி எல்லை தாண்டியபோது பார்வை இழந்ததும் இந்தத் தலத்தின் கதை. மகிழ மரம் பிராகாரத்தில் இருக்கிறது. இங்கு அடிக்கடி வந்து வழிபட்டவர் வள்ளலார். முத்துசுவாமி தீட்சிதர் இத்தலத்து அம்மனைப் பாடியிருக்கிறார். இசைமேதை தியாகராஜர் பாடிய கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்றே பெயர் பெற்றன. பௌர்ணமி நாட்களில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடை அம்மன், திருவொற்றியூரில் வடிவுடை அம்மன், திருமுல்லைவாயிலில் கொடியிடை அம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் உண்டு. காலையில் மேலூர், உச்சியில் ஒற்றியூர், மாலையில் முல்லைவாயில். வட சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒரே மூச்சில் பார்க்க மக்கள் தாங்களே வகுத்துக்கொண்ட பயணத் திட்டம் அது. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதியும் இருக்கிறது. கப்பல் வணிகராக இருந்து எல்லாவற்றையும் துறந்தவரின் சமாதியில் உட்கார்ந்தால் கப்பல் நிற்கும் கடல் எதிரே.

ஊரின் இன்னொரு முகம் ஆலைகள். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் தொழிலாகத் தொடங்கியது. 1956 முதல் என்ஃபீல்டு புல்லட் இங்கே உருவானது. தீப்பெட்டி செய்த விம்கோ, ஒரு மெட்ரோ நிலையத்துக்கே பெயர் தந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் ஒரு தலயாத்திரைதான்.

எண்ணூர் முகத்துவாரம்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர். பக்கிங்ஹாம் கால்வாயும் இங்கே வந்து கலக்கிறது. மாத்தூர், மணலிப் பக்கமாக ஓடிவரும் புழல் ஏரியின் உபரிநீருக்கும் இதுதான் வழி. மழைக்காலத்தில் மாத்தூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுமா புகாதா என்பது எண்ணூர் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆங்கிலேயர் காலத்தில் மதராஸ் கனவான்கள் படகுச் சவாரிக்கும் ஓய்வுக்கும் வந்து தங்கிய இடமும் இதே எண்ணூர்தான்.

இன்று முகத்துவாரப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். வடக்கே 2001-ல் செயல்படத் தொடங்கிய காமராஜர் துறைமுகம். நியூகாசிலில் நிலக்கரி கப்பல் ஏறுகிறது; இங்கே இறங்குகிறது. கீழே கழிமுகத்தில், கழுத்தளவுத் தண்ணீரில், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் மக்களைப் பார்க்கலாம். வலை இல்லை, படகு இல்லை. விரல் நுனிதான் கருவி. அலையாத்திச் செடிகளின் திட்டுகளில் கொக்கும் நாரையும் இரை தேடும்.

இந்த மக்கள் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் இளைஞர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுத்தன. அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து குப்பத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆற்றின் ஆழம் குறைந்தது தனிக் கதை. 2017-ல் டி.எம்.கிருஷ்ணா பாடி வெளிவந்த புறம்போக்குப் பாடல் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. அதன் காணொளியைப் பார்த்துவிட்டு வருபவருக்குப் பாலத்தின்மேல் நிற்கும்போது ஒவ்வொரு இடமும் அடையாளம் தெரியும்.

இன்னொரு நாள், பழவேற்காடு

இரண்டாம் நாள் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைகளில் மட்டும் கல்வேலை அப்படியே நிற்கிறது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வரவேற்கும். நிழல் கடிகாரம் உள்ள சின்ன மசூதியையும், பெண்கள் முடையும் பனை ஓலைக் கூடைகளையும் பார்க்காமல் திரும்பக் கூடாது.

நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் கூட்டமாக வரும். கரையிலிருந்து பைனாகுலரில் பார்ப்பதே போதும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்க்காப்பு உடை இல்லாமல் யார் கூப்பிட்டாலும் படகில் ஏறக் கூடாது.

தட்டில் வட சென்னை

திரும்பும் மாலைக்குச் சாப்பாடு அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு. நூடுல்ஸோடு கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப்பு, கடிக்க மொறுமொறுவென்று பேஜோ. பீச் ஸ்டேஷன் எதிரே மாலையில் கடைகள் வரிசையாக இருக்கும். மீன் வறுவலுக்குக் காசிமேட்டுச் சாலையோரக் கடைகள். காலையில் பார்த்த சங்கராவும் நெத்திலியும் மசாலா தடவிக் கல்லில் வேகும்.

சாப்பிட்டுவிட்டுத் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் நடந்தால் விளக்கு வெளிச்சத்தில் கேரம் பலகையைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, இப்படிப்பட்ட தெருவிலிருந்து போன ஆட்டோ ஓட்டுநரின் மகள். குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் இங்கே அதே மரியாதை உண்டு. நின்று பார்த்தால் ஒருவரும் விரட்டமாட்டார்கள். ஓர் ஆட்டத்துக்குக் கூப்பிடக்கூடச் செய்வார்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தாழ்ந்து நடக்க இதமாக இருக்கும். கேட்க வேண்டியவையும் உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை லாரிக்குப் பயப்படாமல் நடக்க ஒரு கடலோரப் பாதை வேண்டும். ராயபுரத்திலும் ஒற்றியூரிலும் வரலாற்றைச் சொல்லும் பலகைகள் வேண்டும். கழிமுகத்தில் எண்ணெயும் சாம்பலும் இனி விழாதபடி கண்காணிப்பு வேண்டும். நியூகாசில் மக்கள் தங்கள் கடற்கரையை உரிமையோடு பயன்படுத்தியதால்தான் அது பேணப்பட்டது. வட சென்னைக் கடலோரத்துக்கும் அதுதான் வழி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பீச்சுக்குக் கூப்பிடும்போது வண்டியைக் கிழக்கே திருப்புங்கள். அங்கேயே மீன் வாங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், குப்பையைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.